ஸ்போர்ட்ஸ் ஷூ என்று எதுவும் கிடையாது

மருந்துக் கடைக்குப் போய், 'ஒரு மாத்திரை கொடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். தலைவலிக்கா, வயிற்றுவலிக்கா, சர்க்கரைக்கா என்று கேட்பார். அதே தெருவில் இருக்கும் ஷூ கடைக்குப் போய், 'பையனுக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ காட்டுங்க' என்று கேளுங்கள். அவர் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள். 'என்ன சைஸ் சார்? என்ன ரேஞ்சுல பாக்கறீங்க?'

பையன் என்ன விளையாடுகிறான் என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். நீங்களும் சொல்லமாட்டீர்கள். அவரும் கேட்கமாட்டார். பத்தே நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடும். பையன் கலர் பார்த்திருப்பான். அப்பா விலை பார்த்திருப்பார். அம்மா, 'வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசாவே எடுங்க' என்று சொல்லியிருப்பார்.

இந்த மூன்று பேர் மீதும் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்போர்ட்ஸ் ஷூ என்று உலகத்தில் எதுவும் கிடையாது. ஓடுகிற ஷூ உண்டு. ஷட்டில் ஆடுகிற ஷூ உண்டு. பந்து வீசுகிற ஷூ, பளு தூக்குகிற ஷூ, ஈட்டி எறிகிற ஷூ எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவாக 'ஸ்போர்ட்ஸ் ஷூ' என்று ஒன்று இருப்பதாக நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். கடைகளில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் பெரும்பாலும் ஓடுகிற ஷூ, அல்லது ஓடுகிற ஷூ மாதிரி வேஷம் போட்ட ஒன்று.

அதனால் என்ன குடி முழுகிவிட்டது என்பீர்கள். கணுக்கால் முழுகிவிட்டது, ஐயா.

ஓடும்போது கால் என்ன செய்கிறது? முன்னால் போகிறது. திரும்பத் திரும்ப, ஆயிரக்கணக்கான தடவை, ஒரே திசையில். அதனால் ஓடுகிற ஷூவில் குதிகாலுக்குக் கீழே மெத்தை வைப்பார்கள். சோல் உயரமாக இருக்கும், மெதுமெதுவென்று இருக்கும், மேல்துணி லேசாக இருக்கும். முன்னால் போகிற காலுக்கு இது சரி.

ஷட்டில் ஆடுகிறவரின் காலைப் பாருங்கள். வலது பக்கம் ஒரு தாவல், சடாரென்று ஒரு நிறுத்தம், உடனே இடது பக்கம். முன்னால் ஓடுவது குறைவு, பக்கவாட்டில் பாய்வதுதான் ஜாஸ்தி. இந்த ஆட்டத்துக்கு உயரமான மெத்தை சோல் போட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமா? வீட்டில் கட்டில் மெத்தை மேல் ஏறி நின்றுகொண்டு பக்கவாட்டில் ஒரு எட்டு எடுத்து வையுங்கள். (விழுந்தால் பத்திரிகை பொறுப்பல்ல.) மெத்தை ஒரு பக்கம் அமுங்கும், பாதம் சாயும், கணுக்கால் மடங்கும். ஷட்டில் கோர்ட்டில் நடப்பதும் இதேதான். அதனால்தான் ஷட்டில் ஷூவின் சோல் தட்டையாக, தரையை ஒட்டி, பச்சை ரப்பர் அல்லது தேன் நிற ரப்பரில் இருக்கிறது. பக்கவாட்டில் கால் வழுக்கிக்கொண்டு வெளியே போகாமல் இருக்க, ஓரங்களில் கெட்டியாகப் பிடிமானம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். மரத்தரை கோர்ட்டில் கறை படாத ரப்பர் வேண்டும் என்று உள்ளே விடும்போதே சொல்வார்கள். நாம் என்ன நினைக்கிறோம்? தரைக்காகச் சொல்கிறார்கள் என்று. தரையைக் காப்பாற்ற ஒரு விதி இருக்கிறது. காலைக் காப்பாற்ற விதி இல்லை.

டென்னிஸும் பக்கவாட்டு ஆட்டம்தான். ஆனால் தரை வேறு. சிமென்ட் கோர்ட்டில் ரப்பரைத் தேய்த்துத் தின்றுவிடும் என்பதால் சோல் கனமாக இருக்கும். களிமண் கோர்ட்டுக்கு மண் சிக்கிக்கொள்ளாதபடி மீன்முள் மாதிரி வரி போட்டிருப்பார்கள். புல்தரைக்குச் சின்னச் சின்ன மொட்டுகள். ஒரே விளையாட்டு, ஒரே பந்து, மூன்று விதமான அடிப்பாகம். கூடைப்பந்து ஷூ கணுக்காலை மூடினால் சுளுக்கே வராது என்று பலர் சத்தியம் செய்வார்கள். அந்த உயரம் மட்டுமே சுளுக்கைத் தடுத்துவிடும் என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. எனவே அதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கிரிக்கெட்டுக்கு வருவோம். நம் ஊர் மதமாயிற்றே. வேகப்பந்து வீசுகிறவன் கிரீஸில் முன்னங்காலை ஊன்றுகிற அந்த ஒரு கணத்தில், அவன் உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. ஒரு ஓவருக்கு ஆறு தடவை. புல்தரை ஆடுகளத்தில் வழுக்காமல் நிற்க அவனுக்கு இரும்பு முள் வேண்டும். அதே முள்ளைப் போட்டுக்கொண்டு சிமென்ட் பிட்ச்சில் இறங்கினால், எண்ணெய் கொட்டின தரையில் நடப்பது மாதிரிதான். அங்கே ரப்பர் குமிழ் வைத்த சோல் வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மேட் விரித்த பிட்ச்சிலும் சிமென்ட்டிலும்தான் ஆடுகிறார்கள். 'புரொபஷனல் ஷூ வாங்கித் தந்தேன்' என்று பெருமைப்படுகிற அப்பா முதலில் கிரவுண்டைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கூத்து சாயங்காலம் ஆபீஸ் முடிந்த பிறகு நடக்கிறது. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் வலை கட்டி, பச்சைப் பாய் விரித்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்களே டர்ஃப், அங்கே. முப்பது வயதைத் தாண்டிய ஐ.டி. இளைஞர்கள் (ஆமாம், இளைஞர்கள்தான்) டி.வி.யில் பார்த்த மாதிரியே நீளமான குமிழ் வைத்த கால்பந்து ஷூவோடு வருகிறார்கள். அந்தக் குமிழ் இயற்கையான புல்தரைக்கானது. மண்ணில் இறங்கும், திரும்பும்போது மண்ணைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். செயற்கைப் புல்லில் அது மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். உடம்பு திரும்பிவிடும், பாதம் திரும்பாது. நடுவில் இருப்பது முழங்கால். அதற்குள் இருக்கும் தசைநார் அறுந்தால், ஆபரேஷன் செய்து திரும்ப விளையாட்டுக்கு வரப் பெரும்பாலும் ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். செயற்கைப் புல்லுக்கு என்றே குட்டைக் குட்டையாக, நிறைய ரப்பர் குமிழ் வைத்த ஷூ இருக்கிறது. விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் அது டி.வி.யில் வராது.

பெண்களுக்கு இந்த முழங்கால் ஆபத்து ஆண்களை விட அதிகம் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் பெண்களுக்கான கால்பந்து ஷூ என்றால் ஆண்கள் ஷூவைச் சின்னதாக்கி, ரோஸ் கலர் அடித்துக் கொடுப்பதுதான் பல காலம் வழக்கமாக இருந்தது. பெண்ணின் பாதம் என்பது ஆணின் பாதத்தின் ஜெராக்ஸ் குறும்பதிப்பு இல்லை. குதிகால் குறுகல், முன்பாதம் வேறு வடிவம். பெரிய கம்பெனிகள் இதை உணர்ந்து தனியாக வடிவமைக்க ஆரம்பித்ததே சமீபத்தில்தான்.

சரி, இதெல்லாம் பெரியவர்கள் பாடு. அவரவர் கால், அவரவர் காசு. என் உண்மையான சண்டை பள்ளிக்கூடங்களோடு.

உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும், வாரத்தில் ஒரு நாள் வெள்ளைச் சீருடை, வெள்ளை கேன்வாஸ் ஷூ. முதல் நாள் ராத்திரி அதற்கு வெள்ளைப் பூச்சு அடித்துக் காயவைக்கும் வேலை உங்களுக்கு. பாட்டா கம்பெனி இந்தியாவில் இந்த வெள்ளை கேன்வாஸ் 'டென்னிஸ்' ஷூவைக் கொண்டுவந்தது 1936ல். அதே வருடம்தான் பெர்லின் ஒலிம்பிக்ஸில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வாங்கினார், ஜெர்மனியின் டாஸ்லர் சகோதரர்கள் செய்த முள் ஷூவோடு. அந்த டாஸ்லர்கள் பின்னால் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து, ஒருவர் அடிடாஸ் என்றும் இன்னொருவர் பூமா என்றும் கடை போட்டார்கள். அங்கே அந்த ஷூ எங்கெங்கோ போய்விட்டது. நம் பள்ளிக்கூடங்களில் மட்டும் காலண்டர் 1936லேயே நிற்கிறது.

நான் கேன்வாஸ் ஷூவைத் திட்டவில்லை. மலிவு, லேசு, துவைக்கலாம். பிரேயரில் வரிசையாக நிற்க, மார்ச் பாஸ்ட் நடக்க, டிரில் செய்யப் போதும். சொல்லப்போனால், ஜிம்முக்குப் போய் பார்பெல்லைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறவர்களுக்கு, மெத்தை வைத்த எட்டாயிரம் ரூபாய் ரன்னிங் ஷூவை விட இந்தத் தட்டை கேன்வாஸ் நல்லது. பளு தூக்கும்போது காலடி அசையக் கூடாது. அதனால்தான் பளுதூக்கும் வீரர்களின் ஷூவில் கெட்டியான, அமுங்காத, உயர்ந்த குதிகால் இருக்கும்.

ஆனால் நீளம் தாண்டுவதற்கு? நூறு மீட்டர் ஓடுவதற்கு? வாலிபாலில் எகிறி அடித்துவிட்டு இறங்குவதற்கு? மெல்லிய ரப்பர், குதிகாலில் தாங்கல் கிடையாது, பக்கவாட்டில் பிடிப்பு கிடையாது. அதுவும் எந்தத் தரையில்? மைதானம் என்று ஒன்று இருந்த இடத்தில் இப்போது பல பள்ளிகள் பேவர் பிளாக் பதித்துவிட்டன. ஸ்கூல் பஸ் நிறுத்த வசதி. மழை பெய்தால் சேறு ஆகாது. அந்தக் கல் தரையில், அந்த மெல்லிய ரப்பரோடு, 'ஜம்ப்! ஜம்ப்!' என்று பி.டி. மாஸ்டர் விசில் ஊதுகிறார். அவர் காலில் மட்டும் நல்ல மெத்தை வைத்த ஷூ.

இங்கே கையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் எழுந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். 'எங்க காலத்துல ஷூவா போட்டுக்கிட்டு வெளயாண்டோம்? வெறுங்காலோட கபடி, வெறுங்காலோட ஃபுட்பால்.' உட்காருங்கள் சார், பேசுவோம்.

வெறுங்கால் கேவலம் என்று நான் சொல்லவே மாட்டேன். 1911ல் மோகன் பகான் அணி வெள்ளைக்கார ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றபோது, ஒருவரைத் தவிர மற்றவர்களெல்லாம் வெறுங்கால். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் இந்தியக் கால்பந்து வீரர்கள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் 2-1 என்று மயிரிழையில் தோற்றார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா கிடைத்த புது ஷூ காலுக்குச் சரியாக இல்லை என்று கழற்றிப் போட்டுவிட்டு, 42 கிலோமீட்டரை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அடுத்து நடந்ததைச் சொல்லமாட்டார்கள். 1952 ஹெல்சிங்கியில் வெறுங்காலோடு இறங்கிய அதே இந்தியா, யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை வாங்கியது. அதற்குப் பிறகுதான் இங்கே பூட்ஸ் கட்டாயமானது. பிகிலா 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி மறுபடி தங்கம் வாங்கினார், ரோமை விட மூன்று நிமிடம் வேகமாக!

பிகிலாவின் கதையில் நாம் படிக்க வேண்டிய வரி, 'ஷூ வேண்டாம்' என்பது இல்லை. 'பொருந்தாத ஷூவுக்கு வெறுங்கால் மேல்' என்பது. மண் தரையில் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளை தன்னிச்சையாக முன்பாதத்தை ஊன்றி ஓடும், அதிர்வு குறையும். 2010ல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 'நேச்சர்' இதழில் இதை விளக்கமாகவே எழுதியது. ஆனால் உங்கள் காலத்து மண் இப்போது எங்கே? மே மாத மத்தியானம் செயற்கை டிராக்கில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், தோசைக்கல் தெரியும்.

கபடிக்கும் இதே கதி. காலம் காலமாக மண்ணில், வெறுங்காலில் ஆடிய ஆட்டம். 2014ல் புரோ கபடி லீக் வந்த பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது, பெரிய ஆட்டம் என்றால் ரப்பர் மேட், காலில் ஷூ. மண்ணில் கால் சறுக்கும், அந்தச் சறுக்கலை வைத்துத்தான் பையன்கள் ஆடக் கற்றிருப்பார்கள். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்ளும். கிராமத்தில் ஊறிய பையன் தேர்வுக்கு வந்து முதல் தடவையாக ஷூவை மாட்டிக்கொண்டு ஏறினால், அவன் கால் அவன் பேச்சைக் கேட்காது. திறமை இல்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அவனுக்கு இல்லாதது திறமை இல்லை, ஆறு மாதம் முன்னால் ஒரு ஜோடி ஷூ.

ஓட்டப் பந்தயத்தில் இது இன்னும் அப்பட்டம். ஸ்பைக்ஸ் என்கிற முள் ஷூவில் முன்பாதத்தில் மட்டும்தான் முள். குதிகாலில் ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் வேக ஓட்டத்தில் குதிகாலுக்கு வேலை இல்லை. செயற்கை டிராக்கில் முள்ளின் நீளம் 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, உயரம் தாண்டுவதற்கும் ஈட்டிக்கும் மட்டும் 12 வரை போகலாம் என்று விதியே இருக்கிறது. மாவட்டப் போட்டியில் போய்ப் பாருங்கள். மூன்றாவது லேனில் ஸ்பைக்ஸ், நான்காவது லேனில் வெறுங்கால், ஐந்தாவது லேனில் பள்ளிக்கூட கேன்வாஸ். வித்தியாசம் ஒரு நொடியின் சின்னப் பின்னத்தில் முடிவாகிற பந்தயத்தில், மூன்று பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, 'ஆன் யுவர் மார்க்' என்கிறோம். ஜெயித்தவனுக்குக் கோப்பை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட்டு. தோற்றவனுக்கு, 'நல்லா டிரை பண்ணினப்பா.'

நான் பி.காம். படித்தவன், கணக்கு போடாமல் எனக்குத் தூக்கம் வராது. வாருங்கள், ஒரு கணக்கு. ஒரு தனியார் பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள், விளையாட்டுக் கட்டணம் என்று தலைக்கு வருடம் 500 ரூபாய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள், இதற்கு மேலேயே இருக்கலாம்.) ஐந்து லட்சம். ஆரம்ப நிலை ஸ்பைக்ஸ் ஜோடி மூவாயிரம் என்றே வைத்தாலும், பல சைஸ்களில் இருபது ஜோடி வாங்க அறுபதாயிரம். ஷட்டில் ஷூ இருபது ஜோடி, இன்னொரு அறுபதாயிரம். போட்டியில் கலந்துகொள்கிற பிள்ளைகள் எடுத்துப் போட்டுக்கொண்டு, முடிந்ததும் திருப்பி வைக்கலாம். லைப்ரரி புத்தகம் மாதிரி. அவரவர் சாக்ஸ், வெயிலில் ஒரு காய்ச்சல், வேறென்ன? பாட் வாங்கி வைக்கிறோம், பந்து வாங்கி வைக்கிறோம், வலை வாங்கி வைக்கிறோம். ஷூ மட்டும் ஏன் பிள்ளையின் சொந்தப் பிரச்னை?

இதை ஒரு பள்ளி நிர்வாகியிடம் கேட்டேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான். 'ஒரே மாதிரி இருந்தாத்தான் சார் டிசிப்ளின்' என்றார். அந்த ஒரே மாதிரி ஷூவை எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று சுற்றறிக்கை போகிறதே, அது எந்த டிசிப்ளினில் சேர்த்தி என்று கேட்டேன். காபி சாப்பிடுங்கள் என்றார்.

பிள்ளையின் பாதம் சீருடை அல்ல என்பதற்கு ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன். ஸ்வப்னா பர்மன். மேற்கு வங்கத்து ஜல்பைகுரிப் பெண். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஹெப்டத்லானில் 6026 புள்ளிகள் எடுத்து, அந்தப் பிரிவில் இந்தியாவின் முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். ஹெப்டத்லான் என்றால் தடை தாண்டி ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், ஈட்டி, 800 மீட்டர். ஏழு விளையாட்டு, இரண்டு நாள். இந்த ஏழுக்கும் ஒரே ஷூ போதும் என்று எந்தக் கோச்சும் சொல்லமாட்டார். ஸ்வப்னாவுக்கு இரண்டு காலிலும் ஆறு ஆறு விரல்கள். அகலமான அந்தப் பாதத்தை, ஐந்து விரலுக்காகத் தைத்த ஷூவுக்குள் திணித்துக்கொண்டுதான் பல வருடம் பயிற்சி, போட்டி எல்லாம். வலியோடு. தங்கம் வாங்கிய பிறகு நிருபர்கள் சூழ்ந்துகொண்டபோது, தன் காலுக்கு ஏற்ற ஷூ யாராவது செய்து தந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். அதன் பிறகுதான் அடிடாஸ் காலை அளந்து செய்து கொடுத்தது. கவனியுங்கள், தங்கத்துக்குப் பிறகு. ஷூ யாருக்குத் தேவை? தங்கம் வாங்கப் போகிறவருக்கு. யாருக்குக் கிடைக்கிறது? வாங்கிவிட்டவருக்கு.

ஆறு விரல் அபூர்வம், சரி. ஐந்து விரல் இருக்கிற நமக்கு மட்டும் பொருந்துகிறதா? கடைகளில் நாம் சொல்கிற '7', '8' எல்லாம் பிரிட்டிஷ் அளவு. வெள்ளைக்காரன் போனான், அவன் பாத அச்சு போகவில்லை. சென்னை அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க சுமார் ஒரு லட்சம் பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து, நம் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களை விட அகலமானது என்று கண்டது. 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவு முறையைப் பரிந்துரைத்திருப்பதாக 2024ல் செய்தி வந்தது. நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் நசுங்குகிறதே என்று இத்தனை நாள் உங்கள் காலைத் திட்டிக்கொண்டிருந்தீர்களே, கால் மேல் குற்றமில்லை. இத்தனைக்கும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்குத் தோல் ஷூ தைக்கிறோம், செய்யாறு சிப்காட்டில் நைக்கிக்கு ஷூ செய்கிறோம். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவன் தன் காலை அளந்து பார்க்கவில்லை.

இத்தனையும் படித்துவிட்டு, 'அப்ப காஸ்ட்லி ஷூவா வாங்கிடறேன்' என்று கிளம்பினால், தயவுசெய்து ஒரு நிமிடம் நில்லுங்கள். அடுத்த பள்ளம் அங்கேதான் இருக்கிறது.

போட்டுக்கொண்டு நடந்தாலே தொடை இறுகும், பின்புறம் எடுப்பாகும் என்று விளம்பரம் செய்து ரீபாக் ஒரு ஷூ விற்றது. ஆதாரமில்லாமல் சொன்னதாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் பிடித்துக்கொண்டது. 2011ல் 2.5 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். அடுத்த வருடம் அதே மாதிரி ஷூவுக்காக ஸ்கெச்சர்ஸ் 4 கோடி டாலர் கட்டியது. வெறுங்கால் மாதிரியே ஓடலாம் என்று விரல் விரலாகப் பிரித்த ஷூ விற்ற விப்ரம், 2014ல் 37.5 லட்சம் டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது. பெரிய மாலில் உங்களைக் கண்ணாடித் தட்டு மேல் நிற்க வைத்து, கம்ப்யூட்டரில் சிவப்பும் பச்சையுமாக உங்கள் உள்ளங்காலைக் காட்டி, 'உங்க ஆர்ச்சுக்கு இந்த மாடல்தான் சார்' என்கிறார்களே, அந்த வித்தையையும் அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கான புது சிப்பாய்களிடம் சோதித்துப் பார்த்துவிட்டது. உள்ளங்கால் வளைவைப் பார்த்து ஷூ கொடுத்த கூட்டத்துக்கும், பார்க்காமல் ஒரே ஷூ கொடுத்த கூட்டத்துக்கும் அடிபடுவதில் பெரிய வித்தியாசமே இல்லை.

அது மட்டுமா? 2019 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் நட்சத்திரம் ஸயான் வில்லியம்சன், ஆட்டம் ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் ஒரு திரும்பு திரும்பினார். காலில் இருந்த நைக்கி ஷூ வாயைப் பிளந்துகொண்டு கிழிந்தது. முழங்காலில் அடி. மறுநாள் நைக்கி பங்கு விலை சுமார் ஒரு சதவீதம் இறங்கியது. லோகோ தாங்கும் என்று நினைத்தால் தாங்காது.

கிப்சோகே 2019ல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடினாரே, அந்த மாதிரி கார்பன் தகடு வைத்த ஷூ இப்போது நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. பயன் இருக்கத்தான் செய்கிறது. இல்லாவிட்டால் உலகத் தடகள அமைப்பு 2020ல் சாலை ஓட்ட ஷூவின் சோல் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஒரு தகடுதான் வைக்கலாம் என்று விதி போட்டிருக்காது. ஆனால் மெரினாவில் காலையில் நாலு பேரோடு அரசியல் பேசிக்கொண்டு நடக்கிற அங்கிளுக்கு அது எதற்கு? அவருக்குத் தேவை, விரல் நசுங்காத, குதிகால் கழன்று வராத, போட்ட முதல் நிமிடமே சுகமாக இருக்கிற ஒரு சாதாரண ஷூ.

அந்த 'போட்ட முதல் நிமிடம்' முக்கியம். 'போடப் போட லூசாயிடும் சார்' என்று சொல்கிற விற்பனையாளரை நம்பாதீர்கள். அவர் காலில் போடப் போவதில்லை. சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். விளையாடும்போதும் அப்படித்தான் இருக்கும். விளையாடும்போது போடும் சாக்ஸோடு போங்கள். இரண்டு காலும் ஒரே அளவு இருக்காது, பெரிய காலுக்கு வாங்குங்கள். எழுந்து நின்றால் நீண்ட விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பிள்ளைக்கும் இதே அளவுதான். வளர்கிற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால், பிள்ளை வளர்வதற்குள் ஷூவுக்குள் கால் வழுக்கி நகம் கறுத்துவிடும். ஓடுகிற ஷூவுக்கு சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர்தான் ஆயுசு என்பார்கள். மேலே பளபளவென்று இருந்தாலும் உள்ளே மெத்தை செத்திருக்கும். போடாமல் வைத்தாலும் தப்பாது. பாலியூரித்தேன் சோலாக இருந்தால், சென்னைக் காற்றின் ஈரத்தில் பீரோவுக்குள்ளேயே மக்கி, மூன்று நாலு வருடம் கழித்து ஆசையாக எடுத்து மாட்டும்போது பழைய ரஸ்க் மாதிரி உதிரும்.

வரிக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரைக்குமான காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. கல்யாண ரிசப்ஷனுக்கு மாட்டுகிற பளபளப்பான ஷூவும், மாநிலப் போட்டிக்குப் போகிற பெண்ணின் 2,800 ரூபாய் ஸ்பைக்ஸும் அரசாங்கத்தின் பார்வையில் ஒன்றுதான். ஒரு விளையாட்டுக்கென்றே செய்த, ரோட்டில் போட்டுக்கொண்டு நாலு அடிகூட நடக்க முடியாத ஒரு கருவியைக் காலணி என்று எழுதி வரி போடுவது என்ன கணக்கு? ஸ்பைக்ஸை யாரும் ஃபேஷனுக்குப் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போவதில்லை.

அடுத்த தடவை பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மார்க் ஷீட்டைப் பார்த்து முடித்த பிறகு, ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கேள்விகள் எழுதிக் கொடுங்கள். எங்களிடம் வாங்கிய விளையாட்டுக் கட்டணத்தில் ஷூவுக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்? நீளம் தாண்டுகிற பிள்ளையும் ஷட்டில் ஆடுகிற பிள்ளையும் ஒரே வெள்ளை கேன்வாஸ்தான் போட வேண்டும் என்று முடிவு செய்தது யார்? விளையாட்டுப் பிரிவில் இருக்கிற பிள்ளைகள் அவரவர் விளையாட்டுக்கான ஷூவோடு பி.டி. பீரியடுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியே நிறுத்துவீர்களா? கீழே தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தில் முத்திரை குத்தி ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால் அதில் ஒரு பிரதி எடுத்து எனக்கும் அனுப்புங்கள். பள்ளியின் பெயரை மறைத்துவிட்டு, அப்படியே இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.